44 வயதில் ஒரு இளம் அணிக்கு எதற்கு இவர் தேவைப்பட்டார்? காபிக்கடைப் பெயருக்குப் பின்னால் இருக்கும் டிம் ஹார்ட்டனின் கதை

கனடாவில் சொந்தக்காரங்க யாராவது இருந்தா, ‘டிம்ஸ்’ என்ற பெயரை நீங்கள் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். வேலைக்குப் போகும் வழியில் ஒரு காபி, கூட ஒரு டோனட். டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு அது டீக்கடை மாதிரி. 2022 ஆகஸ்டில் டெல்லி வட்டாரத்தில் கடை திறந்து, டிம் ஹார்ட்டன்ஸ் இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

ஆனா அந்தப் பெயர் ஏதோ கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து வைத்தது இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். ஐஸ் ஹாக்கி வீரர். உலகின் மிகப் பெரிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி தொடரான என்.எச்.எல்.-இல் 1,446 ஆட்டங்கள் ஆடியவர். நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வென்றவர். 44 வயதில், கையில் சுமார் 40 கடைகள் கொண்ட வியாபாரம் வளர்ந்துகொண்டிருந்தபோதும், பனித்தளத்தில் இறங்கி இருபது வயதுப் பையன்களோடு முட்டி மோதிக்கொண்டிருந்தவர்.

எதற்காக? பணத்துக்காக மட்டும் என்றால் அவருக்கு வேறு வழி இருந்தது. உண்மையில் அவரை விட மறுத்தது அணிதான். ஒரு கோல் அடிக்கவே சீசன் முழுக்க எடுத்துக்கொண்ட ஒரு 43 வயது வீரரை ஒரு இளம் அணி ஏன் கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டது? அதற்கு அந்த அணி என்ன கொடுத்தது? இந்தக் கதையின் கனமான பகுதி அதுதான்.

முதலில், இந்த ஆட்டம் எப்படி?

நம்ம ஊரில் ஹாக்கி என்றால் புல்தரை, பந்து. ஐஸ் ஹாக்கி வேற கதை. காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, வழுக்கும் பனியில், ‘பக்’ என்ற கெட்டி ரப்பர் வட்டை விரட்டும் ஆட்டம். ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று முன்கள வீரர்கள். ஒரு நிமிடம்கூட முழுசா ஆட முடியாது, அவ்வளவு வேகம். மூச்சு வாங்க வெளியே வர, அடுத்த கூட்டம் உள்ளே போகும். பக் வைத்திருப்பவரை உடம்பால் மோதித் தள்ளலாம், அது விதிமீறல் கிடையாது. அதனால் இந்த ஆட்டத்தில் முப்பதைத் தாண்டினாலே முட்டியும் இடுப்பும் பேச ஆரம்பித்துவிடும்.

தடுப்பாட்டக்காரர்கள் எப்போதும் ஜோடியாகத்தான் ஆடுவார்கள். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் கதை முழுக்க இந்த ஜோடி விஷயம்தான் ஓடும்.

வட கோடியில் பிறந்த பையன்

1930 ஜனவரி 12-ம் தேதி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வடக்கே கோக்ரேன் என்ற சிற்றூரில் பிறந்தார். பதிவேட்டில் பெயர் மைல்ஸ் கில்பர்ட் ஹார்ட்டன். ஆனா வீட்டிலும் வெளியிலும் டிம். அப்பா ரயில்வேயில் மெக்கானிக். குடும்பம் பிறகு சட்பரி என்ற சுரங்க நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஹாக்கியில் கவனம் ஈர்த்த டிம், 1947-ல் டொராண்டோவின் செயின்ட் மைக்கேல்ஸ் பள்ளிக்குப் போனார். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு வீரர்களைத் தயாரித்துக் கொடுக்கும் பள்ளி என்றே அதற்குப் பெயர்.

1949 முதல் 1952 வரை பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸ் என்ற இரண்டாம் நிலை அணியில் பழகினார். 1952-ல் பனிச்சறுக்கு நடனக் கலைஞரான லோரியைத் திருமணம் செய்துகொண்டார். நான்கு மகள்கள். அதே ஆண்டு முதல் மேப்பிள் லீஃப்ஸ் அணியில் நிரந்தர இடம்.

உடல் வலிமைக்குப் பேர்போனவர். சண்டை வந்தால் பெரும்பாலும் குத்த மாட்டார், எதிராளியைக் கரடி மாதிரி இறுக்கக் கட்டிப்பிடித்துவிடுவார். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. கடுமையான கிட்டப்பார்வை வேறு. ஆடுதளத்துக்கு வெளியே கண்ணாடி போட்ட அமைதியான மனிதர், ஏதோ பள்ளி ஆசிரியர் மாதிரி தெரிவார்.

1955 மார்ச்சில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் வீரர் பில் காட்ஸ்பியோடு நேருக்கு நேர் மோதியதில் கால் எலும்பும் தாடையும் உடைந்தன. அடுத்த சீசனில் பாதி ஆட்டங்களில்தான் ஆட முடிந்தது. 25 வயதில் இப்படி அடிபட்டவர் 44 வரை ஆடுவார் என்று அன்றைக்கு யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

மெதுவாக ஆடும் ஜோடி, வேகமாக ஓடும் டிம்

1958-ல் லீஃப்ஸ் அணிக்கு ஒரு புது முதலாளி மாதிரி வந்து சேர்ந்தார் பஞ்ச் இம்லாக். பயிற்சியாளரும் அவரே, ஜெனரல் மேனேஜரும் அவரே. கறாரான ஆள், வீரர்களைக் கசக்கிப் பிழிபவர். ஆனா ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. மற்ற அணிகள் வயசாச்சு என்று ஒதுக்கியவர்களை ஆசையாக வாங்குவார்.

அந்த சீசனில் வந்தவர்தான் ஆலன் ஸ்டான்லி. டிம்மைவிட கிட்டத்தட்ட நாலு வயது மூத்தவர். மெதுவாக ஸ்கேட் செய்வதைக் கிண்டல் செய்து அவருக்கு ‘ஸ்னோஷூஸ்’ என்று பட்டப்பெயரே உண்டு. அதாவது பனியில் நடக்கப் போடும் அகலச் செருப்பு! ஆனா எங்கே நிற்கணும், எப்போ நகரணும் என்பதில் அவர் கில்லாடி.

இம்லாக் இவரை டிம்மோடு ஜோடி சேர்த்தார். இங்கேதான் டிம்மின் ஆட்டமே மாறியது என்று சொல்லலாம். பின்னால் ஸ்டான்லி காவலுக்கு இருக்கிறார் என்ற தைரியத்தில் டிம் பக்கோடு முன்னேறி ஓடத் தொடங்கினார். 1962 பிளே-ஆஃப் சுற்றில் 12 ஆட்டங்களில் 3 கோல், 13 கோல்களுக்கு உதவி. ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அன்றைக்கு அது சாதனை. அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பை டொராண்டோவுக்கு வந்தது. 1963, 1964-லும் அவர்களேதான் சாம்பியன்.

ஸ்கோர் புத்தகத்தில் இந்தப் புள்ளிகள் எல்லாம் டிம் பெயரில் இருக்கும். ஸ்டான்லி பின்னால் நின்றதற்கு எந்தப் புத்தகத்திலும் ஒரு கட்டம் கிடையாது.

இன்னொரு கணக்கும் சொல்லியாகணும். 1961 பிப்ரவரி முதல் 1968 பிப்ரவரி வரை தொடர்ந்து 486 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடினார் டிம். 31 வயதில் தொடங்கி 38 வயதில் முடிந்த ஓட்டம் இது. தடுப்பாட்டக்காரர்களில் இந்தச் சாதனையை முறியடிக்க 2007 வரை ஆனது.

1967: தாத்தாக்கள் வென்ற கோப்பை

கனடா நாடு உருவான 100-வது ஆண்டு அது. லீஃப்ஸ் அணியைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்திருக்காது. கோல்கீப்பர் ஜானி பவருக்கு 42 வயது. ஸ்டான்லிக்கு 41. ரெட் கெல்லிக்கு 39. இன்னொரு கோல்கீப்பர் டெர்ரி சாச்சக், நம்ம டிம், இரண்டு பேருக்கும் 37. நடு சீசனில் தொடர்ந்து 10 ஆட்டங்கள் தோற்றார்கள். களைப்பில் இம்லாக் ஆஸ்பத்திரியில் சேர, உதவியாளர் கிங் கிளான்சி அணியைப் பார்த்துக்கொண்டார். அவர் இறுக்கத்தைத் தளர்த்தியதும் அணி மறுபடியும் வெல்ல ஆரம்பித்தது. (இதை இம்லாக் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் சிரிப்பு வரும்.)

அரையிறுதியில், லீக்கில் முதலிடம் பிடித்த சிகாகோவை வீழ்த்தினார்கள். இறுதியில் மாண்ட்ரியல். மே 2-ம் தேதி ஆறாவது ஆட்டம். டொராண்டோ 2-1 என முன்னிலை. ஒரு நிமிடம்கூட பாக்கி இல்லை. மாண்ட்ரியல் தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு கூடுதலாக ஒரு முன்கள வீரரை இறக்குகிறது. டொராண்டோ கோல் பக்கத்திலேயே பக் போடப்பட இருக்கிறது.

அந்தக் கடைசி நொடிகளுக்கு இம்லாக் யாரை அனுப்பினார் தெரியுமா? ஸ்டான்லி, ஹார்ட்டன், கெல்லி, ஆம்ஸ்ட்ராங், புல்ஃபோர்ட். ஐந்து பேரும் முப்பதைத் தாண்டியவர்கள். பக்கை எடுக்கப் போட்டி போட அனுப்பியது 41 வயது ஸ்டான்லியை. எதிரில் நின்றவர் மாண்ட்ரியலின் பெரிய நட்சத்திரம் ஜான் பெலிவோ. ஸ்டான்லி அவரை உடம்பால் மறித்துவிட, பக் கெல்லிக்குப் போய், புல்ஃபோர்டுக்குப் போய், ஆம்ஸ்ட்ராங் காலியாகக் கிடந்த கோலுக்குள் தட்டிவிட்டார். 3-1. ஸ்டான்லி கோப்பை வரலாற்றிலேயே அதிக வயதான அணியின் வெற்றி என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். டொராண்டோ அதற்குப் பிறகு கோப்பையைத் தொடவே இல்லை.

டோனட் எங்கிருந்து வந்தது?

அந்தக் காலத்து ஹாக்கி வீரர்களின் சம்பளம் இன்றைய மாதிரி கிடையாது. ஒரு அணியோடு ஒப்பந்தம் போட்டால் அணியே விடும்வரை வேறு இடம் போக முடியாது. ஆட்டம் ஓய்ந்துவிட்டால் சோறு யார் போடுவார்? எல்லாருக்கும் இந்தப் பயம் இருந்தது. கோடை விடுமுறையில் வீரர்கள் ஏதாவது வேலைக்குப் போவது சாதாரணம். டிம்மும் கார் விற்பனை, ஹாம்பர்கர் கடை என்று பலதையும் முயன்று பார்த்தார்.

1964-ல் ஹாமில்டன் நகரத்தில் ஒட்டாவா தெருவில், முன்பு பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில், முதல் டோனட் கடை. அடுத்த ஆண்டு அந்தக் கடையை எடுத்து நடத்த வந்தவர் ரான் ஜாய்ஸ், முன்னாள் போலீஸ்காரர். 1967-ல் அவர் முழுப் பங்குதாரர் ஆனார். டிம்மின் பெயர், ஜாய்ஸின் உழைப்பு. கடைகள் பெருகின. இது தனிக் கதை, இங்கே இவ்வளவு போதும்.

42 வயதில் பஃபலோ

1968, 1969 இரண்டு ஆண்டுகளும் லீக்கின் முதல்தர ஆல்-ஸ்டார் அணியில் டிம் இருந்தார். பக்கத்தில் ஜோடியாகத் தேர்வானவர் பாபி ஓர், டிம்மைவிட 18 வயது இளையவர். ஆனாலும் 1970 மார்ச்சில் டொராண்டோ அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மாற்றிவிட்டது. அடுத்து பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ். அங்கே காயங்களால் 44 ஆட்டங்கள்தான்.

அன்றைக்கு என்.எச்.எல். வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்தது. 1967-ல் ஆறு அணிகள் பன்னிரண்டாயின. 1970-ல் பஃபலோ, வான்கூவர் சேர்ந்தன. புது அணிகளில் திறமையான பையன்கள் இருந்தார்கள், ஆனா நெருக்கடியில் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் இல்லை. அனுபவத்துக்குச் சந்தையில் பஞ்சம்.

பஃபலோ சேபர்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் யார்? அதே பஞ்ச் இம்லாக்! ஒவ்வொரு அணியும் தான் காப்பாற்ற நினைக்கும் வீரர்களின் பட்டியலைக் கொடுக்கணும், அதில் இல்லாதவர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு அப்போது இருந்தது. 1972-ல் பிட்ஸ்பர்க் பட்டியலில் டிம் பெயர் இல்லை. இம்லாக் உடனே எடுத்துக்கொண்டார். டிம்முக்கு அப்போது வயது 42. பழைய 7-ம் எண் சட்டை ரிக் மார்ட்டினிடம் இருந்ததால் 2-ம் எண் கிடைத்தது.

அதே ஆண்டு பஃபலோவுக்கு வந்த இன்னொருவர் ஜிம் ஷோன்ஃபெல்ட். செம்பட்டை முடி, பெரிய உடம்பு, எங்கேயும் மோதத் தயாரான 20 வயதுத் தடுப்பாட்டக்காரர். இந்தப் பையனுக்கு ஜோடி டிம். கதை தலைகீழாகத் திரும்பியதைக் கவனித்தீர்களா? பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஸ்டான்லி நின்ற இடத்தில் இப்போது டிம் நிற்கிறார்.

இளம் தடுப்பாட்டக்காரரின் பெரிய பிரச்சினை அவசரம். எதிரி பக்கோடு வந்தால் உடனே பாயணும் என்று தோன்றும். பாய்ந்து தவறவிட்டால் பின்னால் கோல்கீப்பர் தனியாக நிற்பார். அனுபவசாலி பாய மாட்டார். பின்னோக்கி ஸ்கேட் செய்துகொண்டே எதிரியை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போவார். பக் கையில் கிடைத்தால் பதறி வெளியே அடிக்காமல், ஒரு நொடி பொறுத்து, ஆள் பார்த்துக் கொடுப்பார். இதைப் பயிற்சியில் வாயால் சொல்லலாம்தான். ஆனா ஆட்டத்தின் நடுவே, பக்கத்தில் பத்தடி தூரத்தில், ஒருவர் நிதானமாகச் செய்துகாட்டுவது வேற. அதிலும் அவர் நாலு கோப்பை வென்றவர் என்றால் பையன் வாதாட மாட்டான்.

பலன் தெரிந்ததா? முந்தைய சீசனில் 78 ஆட்டங்களில் 16-ல் மட்டும் வென்று 51 புள்ளிகள் எடுத்த பஃபலோ, 1972-73-ல் 37 வெற்றிகளோடு 88 புள்ளிகள் எடுத்தது. வாங்கிய கோல்கள் 289-லிருந்து 219-ஆகக் குறைந்தன. வரலாற்றில் முதல் முறையாகப் பிளே-ஆஃப் போனது. அந்த ஆண்டு கோப்பை வென்ற மாண்ட்ரியலோடு ஆறு ஆட்டங்கள் வரை மல்லுக்கட்டித்தான் வெளியேறியது.

எல்லாம் ஒரு டிம்மால்தான் என்று சொன்னால் அது பொய். கில்பர்ட் பெரோ, ரிக் மார்ட்டின், ரெனே ராபர்ட் என்ற மூவர் கோல் மழை பொழிந்த காலம் அது. ஆனா தடுப்பு வரிசை பற்றிப் பேசும்போது டிம்மைத் தாண்டிப் போக முடியாது. அவர் எடுத்த கோல்? 69 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று. எண்களை மட்டும் பார்க்கும் ஒருவர் இவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

பரிசாக வந்த கார்

43 வயது. வியாபாரம் கூப்பிடுகிறது, உடம்பு வலிக்கிறது. டிம் ஓய்வு பெறும் யோசனையில் இருந்தார். இன்னும் ஒரே ஒரு சீசன் ஆட வைக்க இம்லாக் ஒரு தூண்டில் போட்டார். டிம்முக்கு வேகமான கார்கள் என்றால் உயிர் என்பது அவருக்குத் தெரியும். இத்தாலியின் டி டொமாசோ நிறுவனம் செய்த, ஃபோர்டு எஞ்சின் பொருத்திய ‘பன்டேரா’ ஸ்போர்ட்ஸ் கார் ஒப்பந்தத்தோடு வந்தது. டிம் கையெழுத்துப் போட்டார்.

1974 பிப்ரவரி 20. டொராண்டோவில் தன் பழைய அணிக்கு எதிராக ஆட்டம். பயிற்சியில் பக் பட்டு தாடை வீங்கியிருந்தது. மூன்றாவது பகுதியில் அதிகம் ஆட முடியவில்லை. பஃபலோ 4-2 என்று தோற்றது. ஆனாலும் அன்றைய ஆட்டத்தின் சிறந்த மூவரில் ஒருவராக அறிவிக்கப்பட்டார் டிம். தோற்ற அணியின் 44 வயதுக்காரர்!

அணி பஸ்ஸில் பஃபலோ திரும்பியது. டிம் தன் காரில் கிளம்பினார். வழியில் ஓக்வில்லில் இருந்த டோனட் அலுவலகத்தில் ஜாய்ஸைச் சந்தித்தார். விடியற்காலையில் நெடுஞ்சாலையில் மறுபடி ஏறினார். மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல் வேகம். போலீஸ் வண்டி துரத்தியும் பிடிக்க முடியவில்லை. செயின்ட் கேத்தரின்ஸ் நகரம் அருகே கார் கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. சீட் பெல்ட் போடாத டிம் வெளியே தூக்கி வீசப்பட்டார். உயிர் பிழைக்கவில்லை. ஒன்டாரியோவில் சீட் பெல்ட் கட்டாயமானது 1976-ல்தான்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை பல வருஷம் வெளியே வரவில்லை. 2005-ல் ஒரு பத்திரிகை அதைப் பெற்று வெளியிட்டது. ரத்தத்தில் மது, சட்ட வரம்பைப் போல இரு மடங்கு. மருந்தின் சுவடும் இருந்தது. அவரிடம் ஊக்க மாத்திரைகளும் கிடைத்தன. அந்தக் கால ஹாக்கியில் உடைந்த உடம்போடு ஆட வீரர்கள் எதையெல்லாம் விழுங்கினார்கள் என்பது பற்றி அப்போது யாரும் வெளிப்படையாகப் பேசியதில்லை.

இம்லாக்கைக் குற்றம் சொல்ல முடியுமா? காரைக் கொடுத்தார், ஓட்டச் சொல்லவில்லை. ஸ்டியரிங் டிம் கையில். ஆனா ஒரு மூத்த வீரரின் மதிப்பைப் புரிந்துகொண்டு, எவ்வளவு கொடுத்தாவது வைத்துக்கொள்ளத் துடித்த அதே ஆள்தான், அவர் தாடை வீங்கிய நிலையிலும் பனியில் இறங்கக் காரணம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

அதற்குப் பிறகு

பஃபலோ அந்த சீசனில் பிளே-ஆஃப் போகவில்லை. 1975-ல் ஹார்ட்டன் குடும்பத்தின் பங்கை ஜாய்ஸ் 10 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார். கடைகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, தொகை குறைவு என்று லோரி வழக்குப் போட்டுத் தோற்றார். 1977-ல் டிம்முக்கு ஹாக்கியின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. பஃபலோ 1996-ல் அவருடைய 2-ம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. அதாவது, அந்த அணியில் இனி யாரும் அந்த எண்ணைப் போட முடியாது. இரண்டு சீசன்கூட முழுசா ஆடாத அணி!

டிம் இறந்த அடுத்த சீசனில் பஃபலோவுக்கு ஒரு புது கேப்டன் வந்தார். 22 வயது ஜிம் ஷோன்ஃபெல்ட். அந்த ஆண்டு அணி 113 புள்ளிகள் எடுத்து, முதல் முறையாக ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று வரை போய், பிலடெல்ஃபியாவிடம் தோற்றது.